கைத்துப்பாக்கி மாறும்போது கைப்பழக்கம்

புதுவீட்டிற்குக் குடிபெயர்ந்த ஒருவர் இரவில் விழித்தெழுந்து விளக்கேற்ற முற்படுங்கால், அவருடைய கை பழைய வீட்டில் சுவிட்சு இருந்த திக்கையே நாடிச் செல்லுகிறது. புதிய சுவிட்சு எங்குள்ளது என்பதை அவர் அறியாதவரல்லர். பகலில் வினவினால் தவறின்றிச் சொல்லுவார். ஆயினும் அறிவு ஒன்றைச் சொல்ல, கை மற்றொன்றைச் செய்கிறது. விளக்கைப் பொறுத்தவரையில் இத்தவற்றால் விளையும் தீங்கு, சுவரைச் சிறிது நேரம் தடவுவதோடு முடிந்துவிடும். அதே வகைத் தவறு தோட்டா நிரம்பிய கைத்துப்பாக்கி விஷயத்தில் நேருமாயின் ஓர் உயிரே போய்விடக்கூடும்.

நம் நாட்டில் காவல் துறை, வனத்துறை, சுங்கத்துறை முதலியவற்றின் களப்பணியாளருள் ஒரு சாரார் கடமையின் பொருட்டுக் கைத்துப்பாக்கி தாங்குகின்றனர். தேசிய மாணவர் படையின் துணை அதிகாரிகளாக விளங்கும் ஆசிரியர்கள், மாணவர்கள் துப்பாக்கிப் பயிற்சி பெறும் இடங்களில் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்கின்றனர். பல்லாண்டுகள் ஒரு வகைத் துப்பாக்கியில் பயின்றவர்க்கு வேறொரு வகை வழங்கப்படும்போது, “துப்பாக்கி நமக்குப் புதிதன்று” என்னும் எண்ணம் எளிதில் தோன்றிவிடுகிறது. உண்மை இதற்கு மாறானது. புதிதாகக் கற்பவனுக்கு இல்லாத ஓர் இடர், அனுபவம் மிக்கவரைக் காத்துக்கொண்டிருக்கிறது. அவ்விடர் யாது, அதனைத் தவிர்ப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

பழக்கத்தின் இயல்பு

ஒரு தொழிலை முதன்முதலாகக் கற்கும்போது ஒவ்வோர் அசைவையும் நாம் எண்ணி எண்ணிச் செய்கிறோம். பிட்ஸ், போஸ்னர் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர்கள் 1967-ஆம் ஆண்டில் வெளிவந்த தங்கள் நூலில் இவ்வளர்ச்சியை மூன்று படிகளாக வகுத்துக் காட்டினர். முதற்படியில், செய்யவேண்டுவது யாது என்பதை மனம் அறிந்துகொள்ளுகிறது. இரண்டாம் படியில் பிழைகள் குறைந்து, தனித்தனி அசைவுகள் ஒன்றோடொன்று இணைகின்றன. மூன்றாம் படியில் செயல், நினைவின் துணையை நாடாமல் தானே நடைபெறுகிறது. மிதிவண்டி ஓட்டுபவர் பேசிக்கொண்டே செல்ல முடிவதும், தட்டெழுத்தாளர் விரல்களை நோக்காமலே எழுத்துக்களைத் தட்டுவதும் இம்மூன்றாம் படியை எய்தியதன் பயனேயாகும்.

இவ்வாறு ஊறிய பழக்கத்தைப் புதிய பழக்கம் ஒன்று முற்றிலும் அழித்துவிடுவதில்லை. ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ், ஓர் ஒலியைக் கேட்டவுடன் நாய்க்கு உமிழ்நீர் சுரக்குமாறு பழக்கினார். பின்னர் உணவு தராமல் ஒலியை மட்டும் பன்முறை எழுப்பவே, சுரப்பு நின்றுவிட்டது. ஆனால் சிறிது இடைவேளைக்குப் பின்னர் மீண்டும் அவ்வொலியை எழுப்பியபோது உமிழ்நீர் திரும்பவும் சுரந்தது. பழக்கம் அடங்கியிருந்ததேயன்றி மறைந்துவிடவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. அச்சம், பரபரப்பு, களைப்பு, கவனச் சிதைவு ஆகியவை நேரும் வேளையில் மனிதனிடத்தும் பழைய பழக்கம் இவ்வாறே தலைதூக்குகிறது. கைத்துப்பாக்கி பயன்பட நேரும் வேளையோ பெரும்பாலும் இவை யாவும் ஒருங்கே கூடும் வேளையாகும்.

ஒத்த தோற்றமும் வேறுபட்ட செயலும்

ஒரு கருவியில் பெற்ற பயிற்சி மற்றொரு கருவிக்கு எவ்வளவு உதவும்? 1901-ஆம் ஆண்டில் தார்ண்டைக், உட்வொர்த் ஆகிய இருவரும் இவ்வினாவை ஆராய்ந்தனர். இரு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கே முதற்பயிற்சி இரண்டாவதற்கு உதவும் என்பது அவர்கள் கண்ட முடிவு. 1949-இல் ஆஸ்குட் என்பவர் இதனை மேலும் விளக்கினார். காணும் பொருள் ஒத்திருந்து, செய்யவேண்டிய செயலும் ஒத்திருந்தால் பழைய பயிற்சி துணைபுரியும். காணும் பொருள் ஒத்திருக்க, செய்யவேண்டிய செயல் மட்டும் மாறுபட்டால் பழைய பயிற்சியே பகையாகிவிடும்.

இரண்டாம் உலகப் போரின்போது நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்றாகும். பி-17 என்னும் குண்டுவீச்சு விமானங்கள் நலமே தரையிறங்கிய பின்னர், விமானிகள் இறக்கை மடிப்பை மடக்குவதற்கு மாறாகச் சக்கரங்களை மடக்கிவிட்ட விபத்துக்கள் பல நேர்ந்தன. சப்பானிஸ் என்னும் உளநூல் அறிஞர் ஆராய்ந்தபோது, இரு செயல்களுக்கும் உரிய பிடிகள் ஒரே தோற்றத்துடன் அருகருகே அமைந்திருந்ததே காரணம் எனக் கண்டார். ஒரு பிடியைச் சக்கர வடிவிலும் மற்றொன்றை இறக்கை மடிப்பின் வடிவிலும் அமைத்தல் என்பதே அவர் கண்ட பரிகாரம். விமானிகள் மூடரல்லர், கருவி அவர்களுடைய கையை ஏமாற்றியது.

கைத்துப்பாக்கிகள் யாவும் பார்வைக்கு ஒரே இனமாகத் தோன்றுகின்றன. கைப்பிடி, குழல், விசை ஆகியவை எல்லாவற்றிலும் உண்டு. ஆதலின் கை அவற்றை ஒன்றெனவே கருதிவிடுகிறது. வேறுபாடோ உள்ளே மறைந்திருக்கிறது.

மூன்று துப்பாக்கிகள்

மேலே செல்லுமுன் சில சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். விசை என்பது சுட்டுவிரலால் இழுக்கப்படும் உறுப்பு. குதிரை என்பது பின்புறத்தில் நின்று, விசையை இழுத்ததும் முன்பாய்ந்து தாக்கும் உறுப்பு. வெடிக்கும் தருணத்தில் தோட்டா தங்கியிருக்கும் இடம் தோட்டா அறை. பிஸ்டலின் கைப்பிடிக்குள் செருகப்படும் தோட்டாக் கூடு மேகஸின். குழலின்மேல் முன்னும் பின்னும் நகரும் மேற்பாகம் ஸ்லைடு.

முதலாவது, ரிவால்வர். கான்பூரில் செய்யப்படும் ·32 ரிவால்வர் பழைய வெப்ளி வகையைத் தழுவியது. தாழை நீக்கிக் குழலை முன்புறம் மடித்தால் உருளையின் ஆறு அறைகளும் ஒருங்கே கண்ணுக்குப் புலனாகும். தோட்டா உண்டா இல்லையா என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. குதிரையை முன்னரே பின்னிழுத்து நிறுத்தாதபோது, விசையை நீண்ட தூரம் அழுத்தமாக இழுத்தாலன்றி அது வெடிக்காது. இவ்வகை ரிவால்வர்களில் அவ்விழுப்புக்கு 4½ முதல் 5½ கிலோகிராம் எடைக்கு நிகரான விசைவலிமை தேவைப்படுவது வழக்கம்.

இரண்டாவது, பெல்ஜியத்தில் 1935-ஆம் ஆண்டில் வெளிவந்த பிரவுனிங் ஹைபவர் பிஸ்டல். நம் நாட்டில் இச்சாபூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 9 மி.மீ. 1ஏ பிஸ்டல் இதன் வழிவந்தது. மேகஸினில் 13 தோட்டாக்கள் கொள்ளும். ஸ்லைடை இழுத்துவிட்டால் தோட்டா அறைக்குள் செல்லுவதோடு குதிரையும் பின்சென்று நிற்கும். கட்டை விரலால் இயக்கும் பாதுகாப்புத் தாழ் ஒன்று இடப்புறத்தில் உண்டு. அது மேலே இருந்தால் காப்பு, கீழே இருந்தால் சுடுநிலை. இதன் மூல அமைப்பில் மற்றொரு தடையும் உண்டு. மேகஸினைக் கழற்றிவிட்டால் விசை செயற்படாது.

மூன்றாவது, 1980-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் தோன்றிய கிளாக் 17. நமது தேசியப் பாதுகாப்புப் படையினர் இதனைப் பயன்படுத்துகின்றனர். மேகஸினில் 17 தோட்டாக்கள் கொள்ளும். வெளியே தெரியும் குதிரை இல்லை; கட்டை விரலுக்குரிய தாழும் இல்லை. விசையின் முகப்பிலேயே பதிந்துள்ள ஒரு சிறு நெம்புகோலும் உள்ளமைந்த தடைகளும், துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்காதவாறு காக்கின்றன. ஆனால் விரல் விசையை இழுத்தவுடன் அத்தடைகள் யாவும் தாமே விலகிவிடுகின்றன. இழுப்பிற்கு ஏறத்தாழ 2½ கிலோகிராம் போதும். மேகஸினைக் கழற்றிய பின்னரும், அறையில் தோட்டா இருந்தால் அது வெடிக்கும். இன்னும் ஒன்று: துடைப்பதற்காக இதனைப் பிரிக்கும்போது விசையை ஒருமுறை இழுத்தே ஆகவேண்டும்.

இனி, ஹைபவரில் பத்தாண்டுகள் பயின்ற ஒருவர் கையில் கிளாக் வந்ததாகக் கொள்வோம். “மேகஸின் வெளியே வந்துவிட்டது, இனி வெடிக்காது” என்பது அவருடைய கை அறிந்த உண்மை. பழைய துப்பாக்கியில் அது அவரைக் காத்தது. புதியதில் அதே நம்பிக்கை, அறையில் எஞ்சிய தோட்டாவோடு விசையை இழுக்கச் செய்கிறது. ரிவால்வரிலிருந்து மாறியவரோ, திறந்தவுடன் எல்லாம் கண்ணுக்குத் தெரியும் என்னும் பழக்கத்தால், மேகஸினைக் கழற்றியதையே துப்பாக்கியை வெறுமையாக்கியதாகக் கொண்டுவிடுகிறார்.

தாழின் திசை மாறுவதும் உண்டு. அமெரிக்க இராணுவம் 1911 முதல் வழங்கிய கோல்ட் பிஸ்டலில் தாழைக் கீழே அழுத்தினால் சுடுநிலை. அதற்கு மாற்றாக 1985-இல் ஏற்ற பெரட்டா எம்9 பிஸ்டலில் தாழ் ஸ்லைடின்மேல் அமைந்திருந்தது. கீழே இருந்தால் காப்பு, மேலே தள்ளினால் சுடுநிலை. 2017-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சிக் சாவர் எம்17 பிஸ்டலிலோ மீண்டும் கீழே அழுத்தினால் சுடுநிலை. ஒரு படையின் வரலாற்றில் கட்டை விரல் தான் கற்றதை இருமுறை தலைகீழாக்க வேண்டியதாயிற்று. இதில் தவறினால் விளையும் கேடு இருவகைத்து. காப்பில் உள்ளது என்று எண்ணியது சுடுநிலையில் இருக்கலாம். உயிர்காக்க வேண்டிய நேரத்தில் துப்பாக்கி பேசாமலும் இருந்துவிடலாம்.

வாஷிங்டன் நகரின் அனுபவம்

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனின் காவல் துறை 1980-களின் இறுதியில் ரிவால்வரைக் கைவிட்டுக் கிளாக் பிஸ்டலை மேற்கொண்டது. அதன் பின்னர் பத்தாண்டுகளில் நேர்ந்தவற்றை ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் 1998-இல் ஆராய்ந்து வெளியிட்டது. அக்காலத்தில் 120-க்கு மேற்பட்ட முறை காவலர்களின் துப்பாக்கிகள் எண்ணாமல் வெடித்தன என்பதும், காவலர் சிலர் தம்மையோ உடன் பணிபுரிவோரையோ காயப்படுத்திக்கொண்டனர் என்பதும் அதனால் வெளிவந்தன. துப்பாக்கி பழுதுற்றதால் நேர்ந்தவை என இவற்றைத் தள்ளிவிட இயலாது. குறைந்த விசையிழுப்பும் கட்டை விரல் தாழ் இன்மையும் கொண்ட ஒரு கருவி, போதிய மறுபயிற்சியின்றிப் பலர் கைக்குச் சென்றதே முதன்மைக் காரணமாகப் பேசப்பட்டது. கருவி வாங்குவதற்கு ஒதுக்கும் பணத்தோடு, அக்கருவிக்கு மாறுவதற்கான காலத்தையும் சேர்த்து ஒதுக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

பழக்கம் எவ்வளவு தூரம் கையை இழுத்துச் செல்லும் என்பதற்கு மற்றொரு துயர நிகழ்ச்சியும் உண்டு. 2021-ஆம் ஆண்டு ஏப்ரல் 11-ஆம் நாள், அமெரிக்காவில் மின்னெசோட்டா மாநிலத்தைச் சேர்ந்த புரூக்லின் சென்டரில், 26 ஆண்டுகள் பணியாற்றிய ஒரு காவல் அதிகாரி, டேசர் எனப்படும் மின்னதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்தப்போவதாகக் கூவி எச்சரித்துக்கொண்டே, கைத்துப்பாக்கியை உருவிச் சுட்டுவிட்டார். டான்டே ரைட் என்னும் 20 வயது இளைஞர் மாண்டார். மின்னதிர்ச்சிக் கருவி மஞ்சள் நிறமுடையது, எடை குறைந்தது, இடுப்பின் இடப்புறத்தில் இருந்தது. துப்பாக்கியோ வலப்புறத்தில் இருந்தது. இத்தனை வேறுபாடுகள் இருந்தும் கை பழகிய இடத்திற்கே சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது.

விரல் தானே இறுகுதல்

இலேசான விசையுள்ள துப்பாக்கிக்கு மாறுவோர் உடலியல் உண்மை ஒன்றையும் அறிந்திருத்தல் வேண்டும். நாம் எண்ணாமலே கை இறுகும் வேளைகள் மூன்று உண்டு என ரோஜர் இனோகா என்னும் உடலியக்க அறிஞர் எடுத்துக்காட்டினார். திடுக்கிடும்போது இரு கைகளும் இறுகுகின்றன. கால் இடறி நிலை தடுமாறும்போது எதையேனும் பற்றிக்கொள்ளக் கை முயல்கிறது. ஒரு கையால் ஒருவரை வலிந்து பற்றி இழுக்கும்போது மற்றைக் கையின் தசைகளும் உடன் இறுகுகின்றன. விரல் விசையின்மேல் இருக்குமாயின், இம்மூன்றில் எது நேர்ந்தாலும் துப்பாக்கி வெடிக்கக்கூடும். கனமான விசையுள்ள ரிவால்வர் பலமுறை மன்னித்த பிழையை, இலேசான விசையுள்ள பிஸ்டல் ஒருமுறையும் மன்னிக்காது.

மாறாத நான்கு விதிகள்

துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறுபடும் பழக்கங்களை எத்துணைக் குறைவாக நம்புகிறோமோ அத்துணை நன்று. எவ்வகைத் துப்பாக்கிக்கும் பொதுவான பழக்கங்களே முதல் அரண். அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் (1920-2006) பரப்பிய நான்கு விதிகள் இன்று பல நாடுகளில் வழங்குகின்றன. அவற்றின் கருத்து வருமாறு:

1. எத்துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருதுக.

2. அழிக்க விரும்பாத எதன்மேலும் குழல்வாய் திரும்ப விடாதே.

3. குறியை முடிவு செய்து நோக்கும் வரையில் விரலை விசைக் காப்பு வளையத்திற்கு வெளியே நீட்டி வை.

4. குறியையும், குறிக்கு அப்பால் உள்ளதையும் திண்ணமாக அறிந்துகொள்.

இவற்றுள் தாழைப் பற்றியோ மேகஸினைப் பற்றியோ ஒரு சொல்லும் இல்லாமை கருதத்தக்கது. ஆதலின் கருவி மாறினாலும் இவை மாறுவதில்லை. இவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றை ஒருங்கே மீறினாலன்றிப் பெருந்துன்பம் நேர்வது அரிது. வெடித்தாலும், குழல்வாய் தகுந்த திக்கில் இருந்தால் சுவரில் ஒரு துளையோடு போய்விடும்.

தோட்டாவை அகற்றும் ஒழுங்கு

பிஸ்டலை வெறுமையாக்குவதில் ஒழுங்குமுறையே உயிர்நாடி. குழல்வாயை மணற்பெட்டி போன்ற காப்பான திக்கில் நிறுத்தி, விரலை வெளியே நீட்டி, முதலில் மேகஸினைக் கழற்ற வேண்டும். பின்னரே ஸ்லைடைப் பின்னிழுத்து அறையிலுள்ள தோட்டாவை வெளியேற்ற வேண்டும். இவ்வொழுங்கு தலைகீழானால் நிகழ்வதைக் காண்க: ஸ்லைடை முதலில் இழுத்தால் அறையிலிருந்த தோட்டா வெளியே விழும், ஆனால் ஸ்லைடு முன்செல்லும்போது மேகஸினிலிருந்து மற்றொரு தோட்டாவை அறைக்குள் தள்ளிவிடும். அதன்பின் மேகஸினைக் கழற்றுபவர், தரையில் கிடக்கும் தோட்டாவையும் கையிலுள்ள மேகஸினையும் கண்டு, துப்பாக்கி வெறுமை என்று நம்பிவிடுவார்.

ஆகவே ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டுப் பின்னிறுத்தி, அறையைக் கண்ணால் நோக்கி, விரல் நுனியாலும் தடவிப் பார்த்தல் வேண்டும். மேகஸின் செருகும் துளையையும் அவ்வாறே பார்க்க வேண்டும். இருளில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. அருகில் மற்றொருவர் இருப்பின் அவரும் பார்த்து “வெறுமை” என்று வாய்விட்டுச் சொல்லுதல் நல்ல மரபு. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்குத் துப்பாக்கி செல்லும் ஒவ்வொரு முறையும், முன்னவர் பார்த்திருந்தாலும், வாங்குபவர் மீண்டும் பார்த்தே ஆகவேண்டும். மேலோர் முன்னிலையில் இளையவர் இவ்வாறு சோதிப்பதை அவமதிப்பாகக் கருதுதல் தகாது.

புதிய கருவிக்கு மாறும் முறை

புதிய துப்பாக்கி கைக்கு வந்ததும் முதல் வேலை சுடுவதன்று, படிப்பது. தயாரிப்பாளரின் கையேட்டை வைத்துக்கொண்டு, பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் கீழ்க்கண்ட வினாக்களுக்கு விடை எழுதுக:

1. பாதுகாப்புத் தாழ் உண்டா? எத்திக்கில் தள்ளினால் சுடுநிலை?

2. மேகஸினை விடுவிக்கும் பொத்தான் எங்குள்ளது? மக்கரோவ் பிஸ்டலில் உள்ளதுபோல் கைப்பிடியின் அடியிலா, பக்கத்திலா?

3. மேகஸின் இல்லாதபோதும் வெடிக்குமா?

4. முதற்சூட்டின் விசையிழுப்பும் அடுத்தவற்றின் இழுப்பும் ஒன்றா, வெவ்வேறா?

5. குதிரை அல்லது ஊசி தயார்நிலையில் இருப்பதை வெளியிலிருந்து அறிய முடியுமா?

6. கடைசித் தோட்டா தீர்ந்ததும் ஸ்லைடு பின்னே நிற்குமா?

7. பிரிக்கும்போது விசையை இழுக்க வேண்டுமா?

8. எவ்வகைத் தோட்டா?

விடைகள் மாறுபடும் இடங்களைச் செம்மையால் அடிக்கோடிடுக. பயிற்சி முழுவதும் அவ்விடங்களிலேயே செறிந்திருக்க வேண்டும். ஒத்துள்ளவை தாமே கைகூடும்.

இரண்டாவது, வெற்றுப் பயிற்சி. தோட்டாக்கள் வேறோர் அறையில் பூட்டப்பட்டிருக்க, துப்பாக்கியை மேற்சொன்னவாறு சோதித்த பின்னர், தோட்டாவைத் தடுக்கவல்ல கனமான சுவரை நோக்கி நின்று, ஒவ்வோர் அசைவையும் மெதுவாகப் பயிலுதல் வேண்டும். வேகம் இங்கு வேண்டா. தவறான அசைவை விரைவாக நூறு முறை செய்வதினும், சரியான அசைவை நிதானமாகப் பத்து முறை செய்வது மேல். முடிந்ததும் “பயிற்சி முடிந்தது” என்று சொல்லித் துப்பாக்கியை எடுத்து வைத்துவிட வேண்டும். தோட்டாவை மீண்டும் நிரப்பிய பின், “இன்னும் ஒரே ஒரு முறை” என்று விசையை இழுப்பது விபத்துக்கு வழிவகுக்கும்.

நாள்தோறும் சிறிது நேரம் பயிலுவதே சிறந்தது. பிரிட்டனில் தபால் ஊழியர்கள் தட்டச்சுப் பலகையைக் கற்ற முறையைப் பேட்லி, லாங்மன் ஆகியோர் ஆராய்ந்து 1978-இல் வெளியிட்டனர். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் பயின்றவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பயின்றவர்களைவிடக் குறைந்த மொத்த மணி நேரத்திலேயே அதே திறமையை எய்தினர். நாட்கள் கூடுதலாயின, உழைப்பு குறைந்தது. துப்பாக்கிக்கு மாறுவோர்க்கும் ஒரே நாளில் எட்டு மணி நேர முகாமைவிட, இரண்டு மூன்று வாரங்கள் நாளுக்குப் பதினைந்து நிமிடப் பயிற்சி மிக்க பயன் தரும் என எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது, வெடிமருந்தற்ற போலித் தோட்டாக்களைக் கொண்டு நிரப்புதலும் அகற்றுதலும். நான்காவது, சுடுதளத்தில் பயிற்சியாளர் முன்னிலையில் உண்மைத் தோட்டா. முதலில் மேகஸினில் ஒன்றே ஒன்றை இட்டுச் சுடுதல் வேண்டும், பின்னர் இரண்டு, அதன் பின்னரே முழுமை. புதியவரோ பழகியவரோ, விசை எதிர்பார்த்ததைவிட முன்னதாக விடுபட்டு இரண்டாம் முறையும் வெடித்துவிடுவது உண்டு. ஒரு தோட்டா மட்டும் இருந்தால் அவ்வாறு நேர இடமில்லை.

உறையைப் பற்றியும் ஒரு சொல். துப்பாக்கியை உருவும்போது காட்டும் கவனத்தைவிட மிகுதியான கவனம் மீண்டும் உறையில் இடும்போது தேவை. சட்டை நுனியோ, கயிறோ, மறந்து வைத்த விரலோ விசை வளையத்துள் சிக்கிக்கொள்ளலாம். உறையில் இடுவதற்கு அவசரம் எப்போதுமே இல்லை. புதிய துப்பாக்கிக்கு அதற்கென அமைந்த உறையே வேண்டும். ஆனால் உடலில் அது அமையும் இடம் பழைய இடமாகவே இருக்கட்டும். மாற்றவேண்டாதவற்றை மாற்றாதிருப்பதும் பயிற்சியின் ஒரு கூறே.

இன்று ஒன்று, நாளை மற்றொன்று என இரு வகைகளை மாற்றி மாற்றித் தாங்குதல் கூடாது. அவ்வாறு செய்தால் புதிய பழக்கம் வேரூன்றவும் மாட்டாது. பழையது ஓயவும் மாட்டாது.

தோட்டாவிலும் கருத்து வேண்டும்

ஒரே எண் கொண்ட தோட்டாக்கள் யாவும் ஒன்றல்ல. நம் நாட்டில் ·32 ரிவால்வருக்குரிய தோட்டா, அடியில் விளிம்புள்ள நீண்ட வகை. ·32 பிஸ்டலுக்குரியது 7·65 மி.மீ. என்றும் வழங்கும் குட்டை வகை. அங்ஙனமே 9 மி.மீ. என்னும் பெயரில் 19 மி.மீ. நீளக் கூடுடைய தோட்டாவும், மக்கரோவ் பிஸ்டலுக்குரிய 18 மி.மீ. கூடுடைய தோட்டாவும் உண்டு. பின்னதன் குண்டு சற்றுப் பருமனானது. துப்பாக்கி மாறியதும் பழைய தோட்டாக்களை வீட்டிலும் பையிலும் விட்டுவைக்காமல் முறைப்படி ஒப்படைத்துவிடுதலே காப்பு.

சட்டமும் பொறுப்பும்

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தால், பிறர் உயிருக்கு ஆபத்து விளையுமாறு அசட்டையாகவோ கொண்டாட்டத்தின் பொருட்டோ சுடுவது, இரண்டாண்டு வரை சிறைக்கோ, ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதத்திற்கோ, இரண்டிற்குமோ உரிய குற்றமாயிற்று. ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிக்கு 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் வகை செய்கின்றன. “பழைய பழக்கத்தால் நேர்ந்தது” என்னும் சமாதானம் இறந்தவரை எழுப்பாது.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இவ்வுண்மையைத் துப்பாக்கி எதுவுமின்றியே மாணவர்க்கு விளக்கலாம். பாடநூலின் ஒரு பத்தியைப் படியெடுக்கச் சொல்லுக. ஆனால் ‘க’ வருமிடமெல்லாம் ‘ம’ எனவும், ‘ம’ வருமிடமெல்லாம் ‘க’ எனவும் எழுத வேண்டும் என்று விதிக்க. நிதானமாக எழுதும்போது பெரும்பாலோர் தவறுவதில்லை. இரண்டாம் முறை, “விரைவாக எழுதுக” என்று கூறி, இடையிடையே எளிய கூட்டல் கணக்குகளுக்கும் வாய்விட்டு விடை கேட்க. பழைய எழுத்துக்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வருவதைக் காணலாம். விதியை மாணவர் மறந்துவிடவில்லை, கை முந்திக்கொண்டது. இரு முறையும் நேர்ந்த பிழைகளை எண்ணி ஒப்பிட்டால், அவசரமும் கவனச் சிதைவும் பழக்கத்தை எவ்வாறு தூண்டுகின்றன என்பதை மாணவர் தாமே கணக்கிட்டு அறிவர். புதிய இயந்திரம், புதிய வாகனம், புதிய மருந்தளவு ஆகிய யாவற்றிற்கும் இவ்விதி பொருந்தும் என்பதையும் அப்போது எடுத்துரைக்கலாம்.

களப்பணியில் ஆயுதப் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகள் இதனினும் ஒருபடி மேற்செல்லுதல் வேண்டும். புதிய துப்பாக்கி வழங்கும் நாளிலேயே பழையதையும் அதன் தோட்டாக்களையும் திரும்பப் பெறுக. கண்ணைக் கட்டிய நிலையிலும், பேச்சுக் கொடுத்துக் கவனத்தைக் கலைத்த நிலையிலும், வெற்றுத் துப்பாக்கியில் போலித் தோட்டாவை இட்டு, அதனை ஒழுங்கு தவறாமல் அகற்றிக் காட்டும் வரையில் எவரையும் புதிய துப்பாக்கியோடு பணிக்கு அனுப்பற்க. ஒருவர் எத்தனை ஆண்டு அனுபவம் உடையவராயினும் இச்சோதனையிலிருந்து அவருக்கு விலக்கு அளித்தல் ஆகாது. அனுபவம் மிகுந்தவர்க்கே இது மிகுதியும் தேவையானது.